பேர் சொல்லாத மருந்து

குற்றாலத்தில் மெயினருவிக்குப் போகிற பாதையில், எண்ணெய்க் கடைக்கும் சிப்ஸ் கடைக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு நிற்கிறதே, அதுதான் ஏசுவடியானின் துண்டுக்கடை. துண்டு, டிராயர், பனியன், சோப்பு, சரம் சரமாக ஷாம்பு. அருவிக்கு வருகிறவர்கள் எதையெல்லாம் வீட்டில் மறந்துவிட்டு வருவார்களோ, அத்தனையும் அங்கே தொங்கும். கடைக்கு வந்தவர் முகம் வாடித் திரும்பக்கூடாது, அவருடைய வியாபாரமே அவ்வளவுதான். ஒரு சாரல் காலத்தில் ஒருத்தர் வந்து ஒவ்வொரு துண்டாகப் பிரித்துப் பார்த்து, இதைவிடக் கோயம்புத்தூர்த் துண்டு எவ்வளவு உசத்தி என்று நெடுநேரம் விளக்கிவிட்டு ஒன்றும் வாங்காமல் கிளம்பினார். "நல்லாச் சொன்னீய அண்ணாச்சி" என்று தலையை ஆட்டி, அவருக்கு டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார் இவர்.

அதைக் கேட்டுவிட்டு அவர் மனைவி ஜெபமலர், "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பயும் இப்படித்தான் தலைய ஆட்டியிருப்பீய. அது சம்மதம்னு எங்க அப்பா நெனச்சிட்டாவ" என்றாள்.

அதற்கும் அவர் தலையைத்தான் ஆட்டினார்.

அப்படிப்பட்ட மனிதருக்குத் தை மாதம் குரல் கம்மியது. பொங்கலுக்குப் பிறகு சளி என்று நினைத்தார்கள். பங்குனி வெயில் வந்தும் சளி இறங்கவில்லை. தென்காசியில் பார்த்த டாக்டர் தொண்டைக்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே சதை எடுத்துச் சோதித்து, தொண்டையில் புற்று என்று சொன்னார்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கத்தைச் சர்ச் போதகர் ஐயர் சொன்னதால் அவர் விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. விட்டவரை அது விடவில்லை.

திருநெல்வேலி டாக்டர் சின்ன வயதுப் பெண். நிறுத்தி நிதானமாகப் பேசுவாள். "அம்மா, பயப்படாதீங்க. வேற எங்கயும் பரவல. ஏழு வாரம் கதிர்வீச்சு, அதான் கரண்ட் வைக்கணும், கூடவே வாரம் ஒரு தடவை மருந்து ஏத்தணும். குணமாக நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா ஒண்ணு. நடுவுல விடக்கூடாது. வாய் புண்ணாகும், வாந்தி வரும், சாப்பிட முடியாது, போதும்னு தோணும். அப்பவும் விடக்கூடாது. விட்டா அது திரும்ப வளரும்."

ஜெபமலருக்கு அந்தக் கடைசிச் சொல் மட்டும் மனதில் ஆணியடித்த மாதிரி நின்றது. விடக்கூடாது. வெளியே வந்ததும் அவரிடம் அதையே சொன்னாள். "என்ன ஆனாலும் நாம விடக்கூடாது, ஜெஸியப்பா." அவர் தலையை ஆட்டினார். மகள் ஜெஸி தூத்துக்குடியில் கைப்பிள்ளைக்காரி. அவளிடமும் போனில் அதைத்தான் சொன்னாள்.

அங்கேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கிக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டுக் கட்டில் இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது என்று தினமும் தென்காசி வீட்டிலிருந்தே போய் வந்தார்கள். விடிந்ததும் பஸ், பாவூர்சத்திரம், ஆலங்குளம், திருநெல்வேலி. அங்கே முகத்துக்கு அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக் வலைமூடி ஒன்று உண்டு. அதை மாட்டிக் கட்டிலோடு சேர்த்துப் பூட்டிவிட்டுத்தான் கரண்ட் வைப்பார்கள். முதல் நாள் வெளியே வந்தவர் கன்னத்தில் வலைத் தடம் கட்டம் கட்டமாக இருந்தது. "மீன் வலையில மாட்டுனாப்புல இருக்கீய" என்றாள் ஜெபமலர். அப்போது சிரிக்க முடிந்தது இருவருக்கும்.

மூன்றாவது வாரத்தில் சிரிப்பு நின்றது. வாய்க்குள் ஒரு இடம் பாக்கியில்லாமல் வெந்துபோனது. எச்சில் வற்றி நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குரல் அடியோடு போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலே ருசி போயிற்று. சோறும் மண்ணும் ஒன்றாக இருக்கிறது என்று போனில் எழுதிக் காட்டினார். மருந்து ஏற்றுகிற நாள் வந்துவிட்டால் தண்ணீரின் வாசனைக்கே குமட்டினார்.

ஜெபமலர் கைவசம் இருந்தது இரண்டு வைத்தியம். வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை. கொல்லையில் தானாக முளைத்துக் கிடந்ததைப் பறித்து, தேங்காய்ப்பாலில் வேகவைத்து, ஆறவைத்து, துணியில் வடிகட்டிக் கொடுத்தாள். அது கொஞ்சம் இறங்கியது. வாந்திக்கு இஞ்சிச் சாறு. அதை ஒரு கரண்டி வாயில் விட்டதும் புண்ணில் பட்டு அவருக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக ஊற்றியது. அப்போதும் மனிதர் தலையை ஆட்டினார், நன்றாக இருக்கிறது என்று. ஜெபமலர் தம்ளரைப் பிடுங்கிக் கொட்டிவிட்டு அடுப்படியில் போய் நின்று அழுதாள்.

இதற்குள் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. காய்ச்சல்காரனைப் பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் வாங்கி வருவார்கள், ஆரஞ்சு வாங்கி வருவார்கள். இந்த நோய்க்காரரைப் பார்க்க வந்தவர்கள் மருந்து கொண்டுவந்தார்கள். அதையும் யாரும் வெளிப்படையாகக் கொண்டுவரவில்லை. என்ன காரணம் என்றால், அந்தத் தெருவில் கோயிலுக்குப் போகிறவர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நம்பிக்கை உண்டு. பச்சிலையோ வேரோ, பேரைச் சொல்லிக் கொடுத்தால் பலிக்காது. கொடுக்கிறவரும் சொல்லக்கூடாது, குடிக்கிறவரும் கேட்கக்கூடாது, மூன்றாவது ஆளுக்குத் தெரியக்கூடாது. ஏசுவடியானின் அப்பாவே மஞ்சள்காமாலைக்கு இலை அரைத்துக் கொடுத்தவர்தான். ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்து பைபிள் வாசிப்பார், திங்கட்கிழமை மூடின கைக்குள் இலையை வைத்துக்கொண்டு வருவார்.

அந்த வழக்கத்தை விடாமல் பிடித்திருந்தவள் அவருடைய தங்கச்சி கிருபா. பாவூர்சத்திரத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அண்ணன் என்றால் உயிர். ஒருநாள் விட்டு ஒருநாள் மத்தியானப் பஸ்ஸில் வந்து இறங்குவாள். வந்ததும் அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஜெபம் பண்ணுவாள். பிறகு, "மதினி, தொண்ட வறளுது. குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டுவாங்களேன்" என்பாள். அவள் பக்கத்திலேயே சொம்பு நிறையத் தண்ணீர் இருக்கும்.

ஜெபமலருக்குப் புரியாதா? அவளும் அதே ஊரில் பிறந்தவள்தானே. "இந்தா எடுத்துட்டு வாரேன்" என்று எழுந்து அடுப்படிக்குப் போவாள். போய்ச் சும்மா நிற்பாள். இருக்கிற பாத்திரத்தை மறுபடியும் கழுவுவாள். உள்ளே தம்ளர் சத்தம் அடங்கின பிறகு தண்ணீரோடு வருவாள். அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டிருப்பார். கிருபா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அடுத்த வீட்டு முத்துவடிவுக்கு வேறு நேரம். காலையில் ஜெபமலர் குளிக்கப் போகிற சமயமாகப் பார்த்து, "அண்ணாச்சி எந்திரிச்சாச்சா" என்று பின்வாசல் வழியாக வருவாள். சேலைத் தலைப்புக்குள் ஒரு பிளாஸ்க் இருக்கும். குளித்துவிட்டு வரும்போது ஜெபமலருக்கு அறையில் சுக்கு வாசம் அடிக்கும். கேட்கமாட்டாள். குற்றாலத்தில் பக்கத்துக் கடை எண்ணெய்க்காரர் பரீது வாரம் இரண்டு தடவை பைக்கில் வருவார். இவர் கடையையும் அவர்தான் திறந்து அடைத்துக்கொண்டிருந்தார். வியாபாரம் எப்படி, அருவியில் தண்ணீர் எப்படி என்று ஒருபக்கமாகவே பேசிவிட்டுப் போகும்போது அண்ணாச்சியின் சட்டைப்பையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார். பை கொஞ்சம் புடைத்திருக்கும். அதையும் ஜெபமலர் கேட்கவில்லை.

கேட்கத் தோன்றாமலும் இருந்தது, பாருங்கள். ஏனென்றால் அவர் தேறினார். நாலாவது வாரக் கடைசியில் ஒரு கிண்ணம் கஞ்சியை இருமாமல் விழுங்கினார். வாய்ப்புண் ஆறாவிட்டாலும் அதன் எரிச்சல் அடங்கியது. பஸ்ஸில் கூட வருகிற நோயாளிகள் எல்லாம் பாதியில் மூக்கில் குழாய் போட்டுக்கொண்டபோது இவர் வாயாலேயே குடித்தார். அவர் குனியும்போது மூச்சில் ஒரு தித்திப்பு வாசம் வரும். ஜெபமலர் அதை முகர்ந்து, யார் கொடுத்ததோ, என்னவோ, ஆண்டவரே அது பலிக்கட்டும் என்று நினைத்துக்கொள்வாள்.

ஒவ்வொரு வாரமும் மருந்து ஏற்றுவதற்கு முன்னால் டாக்டர் கேட்பாள். "வீட்ல வேற ஏதாவது மருந்து குடுக்கிறீங்களா? நாட்டு மருந்து, கசாயம், பொடி? திட்டமாட்டேன். தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

"மணத்தக்காளிக் கீரை குடுக்கேன் டாக்டர். வடிகட்டித்தான்" என்றாள் ஜெபமலர்.

"அது சாப்பாடு, நல்லதுதான். வேற?"

ஜெபமலர் அவரைப் பார்த்தாள். டாக்டரும் அவரைப் பார்த்தாள். அவர் மூன்று பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தார், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, தலையை ஆட்டி. இப்போது குறுக்கே ஆட்டினார், இல்லை என்று. கடையில் கேட்ட சரக்கு இல்லாதபோது சிரிப்பாரே, அதே சிரிப்பு. டாக்டரும் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

ஐந்தாவது வாரம் கால் வீங்கியது. தினமும் பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு உட்காருவதால் என்று ஜெபமலர் நினைத்தாள். ரத்தக்கொதிப்பு ஏறியிருந்தது. கவலையால் ஏறியிருக்கும் என்று கிருபா சொன்னாள். ரத்தச் சோதனையில் ஒரு உப்பு குறைந்திருக்கிறது என்றார்கள். ஜெபமலர் அன்று கஞ்சியில் ஒரு கை உப்பைக் கூடப் போட்டாள். ருசி தெரியாத மனிதர் அதையும் குடித்தார். மறுநாள் நர்ஸ் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த உப்பு இல்லம்மா, இது பொட்டாசியம். எளனி குடுங்க, இந்தச் சிரப்பக் குடுங்க." இளநீரும் சிரப்பும் கொடுத்தார்கள். ஏறவில்லை. கொடுக்கக் கொடுக்க இறங்கிக்கொண்டே போயிற்று. எங்கே ஒழுகுகிறது என்று டாக்டருக்கே பிடிபடவில்லை.

ஒருநாள் கரண்ட் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஆலங்குளத்தில் பஸ் நின்றது. அவர் இறங்கவேண்டும் என்று கை காட்டினார், குமட்டல். ஜெபமலர் முன்னால் இறங்கிக் கை நீட்டினாள். அவர் படியில் ஒரு காலை வைத்தார். அந்தக் கால் நிற்கவில்லை. துணி சரிகிற மாதிரிச் சரிந்து அவள்மேலே வந்து விழுந்தார். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். உள்ளே இதயம் ஒழுங்கில்லாமல், ஒரு பறவையைத் துணிக்குள் சுற்றி வைத்த மாதிரித் துடித்தது. கண்டக்டரும் ரெண்டு பேரும் சேர்ந்து ஆட்டோவில் தூக்கிப்போட்டார்கள். வந்த வழியே திருநெல்வேலிக்குத் திரும்பியாயிற்று.

மறுநாள் காலையில் ஐசியூ வாசலுக்கு டாக்டரே வந்தாள். "அம்மா, பொட்டாசியம் ரொம்ப இறங்கிப்போய் இதயத் துடிப்பு தவறிடுச்சு. இப்ப ஏத்திக்கிட்டு இருக்கோம். நாங்க போடுற மருந்து கொஞ்சம் இறக்கும், அதுக்குத்தான் டெஸ்ட் பண்றோம். ஆனா இது அதை மீறிப் போயிருக்கு. கால் வீக்கம், பிரஷர், எல்லாம் சேத்துப் பாத்தா ஒண்ணு தோணுது. திரும்பக் கேக்கிறேன். அதிமதுரம் குடுத்தீங்களா? தினமும், நிறைய? அந்த இனிப்பு வேர் அளவு மீறினா பொட்டாசியத்த இறக்கிடும்."

"இல்ல டாக்டர். கீரைதான்" என்றாள் ஜெபமலர். அவள் கையால் கொடுத்த வரைக்கும் சத்தியமாகத்தான் சொன்னாள்.

டாக்டர் உள்ளே போனதும் ஜெபமலர் திரும்பினாள். நாற்காலியில் கிருபா இருந்தாள். பக்கத்தில் அந்நேரம்தான் வந்துசேர்ந்த முத்துவடிவு. சுவரில் சாய்ந்து பரீது. மூன்று பேரும் மூன்று திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கிருபா, என்னட்டி குடுத்த அண்ணனுக்கு?"

"மதினி, அதெல்லாம் பேரு சொல்லக்கூடாது."

"பேரு சொல்லவேண்டாம். இங்க எடு."

கிருபா கைப்பைக்குள் விட்ட கையை வெகுநேரம் எடுக்கவில்லை. எடுத்தபோது ஒரு சின்னத் தேன் பாட்டில் இருந்தது, அடியில் பழுப்பாகப் பொடி படிந்து. ஜெபமலர் விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். முதலில் தேன். தேன் கரைந்துபோயிற்று. அதற்குப் பிறகும் அடிநாக்கில் ஒரு தித்திப்பு இறங்கிப் போகாமல் உட்கார்ந்திருந்தது.

"வாய்ப்புண்ணுக்குத்தான் மதினி. ஒரு கரண்டி. எரிச்சல் அடங்கிச்சுல்லா அண்ணனுக்கு."

ஜெபமலர் முத்துவடிவைப் பார்த்தாள். அவள் அன்றைக்கும் பிளாஸ்கோடுதான் வந்திருந்தாள், ஐசியூவுக்கே. "வாந்திக்கு மலரு. எங்க வீட்டுல எல்லாருக்கும் குடுக்கதுதான். கொஞ்சந்தான்." மூடியில் ஊற்றிக் குடித்தாள் ஜெபமலர். சுக்கு சுட்டது, மல்லி மணத்தது. அதெல்லாம் அடங்கின பிறகு அடியில் அதே தித்திப்பு.

பரீது தானாகவே சட்டைப்பையிலிருந்து நாலு வேர்த்துண்டை எடுத்து நீட்டினார். "வாய் காயுதுன்னு சைகை காட்டுனாவ அக்கா. மென்னா எச்சி ஊறும். நான் யாவாரி, பேரு சொல்லி விக்கிறவன்தான். உங்கட்டச் சொன்னா டாக்டரம்மாட்டச் சொல்லுவிய, அவங்க நிப்பாட்டிருவாங்கன்னு சொல்லல." கொஞ்சம் நிறுத்தி, "அண்ணாச்சி கஞ்சி குடிக்காவல்லா, அதப் பாத்து இன்னும் ரெண்டு துண்டு கூட வச்சேன்" என்றார்.

ஜெபமலர் வேரை வாயில் போட்டு மென்றாள். மெல்ல வேண்டிய அவசியமே இல்லை. மூன்றும் ஒன்று. அந்தத் தித்திப்பு ஒருவருடைய நாக்கில் ஒரு தடவை பட்டால், மறுதடவை கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்துவிடலாம். ஒரு சின்னப்பிள்ளை கண்டுபிடித்துவிடும். ஆனால் அவருக்கு ருசி போயிருந்தது. தேனாக ஒரு தடவை, கசாயமாக ஒரு தடவை, வேராக நாள் முழுக்க, ஒன்றையே குடிக்கிறோம் என்று அறியாமல் குடித்திருக்கிறார். குரலும் இல்லை; போனில் எழுதலாம்தான், ஆனால் தனித்தனியாகக் கொடுத்த வாக்கு, ஒருவர் வந்துபோனதை இன்னொருவருக்குச் சொல்லவிடவில்லை.

"ஒவ்வொருத்தரும் கொஞ்சந்தான் குடுத்தோம்" என்றாள் முத்துவடிவு மறுபடியும், யாரிடம் என்றில்லாமல்.

ஜெபமலருக்கு மூவரையும் ஏதாவது சொல்லவேண்டும் போல வாய்வரை வந்தது. கிருபா தண்ணீர் கேட்டபோதெல்லாம் அடுப்படிக்கு எழுந்து போன கால் யாருடையது? மூச்சில் அந்த வாசத்தை முகர்ந்து சந்தோஷப்பட்டது யார்? வாயில் கிடந்த வேரைத் துப்பக்கூடத் தோன்றாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்துபோய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. சொன்னபடியே திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

உயிர் பிழைத்தது. இதயம் ஒழுங்குக்கு வந்தது. ஆனால் ஐசியூவிலேயே நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. கரண்ட் நின்றது. மருந்து நின்றது. அவர் பெயர் ஒட்டின வலைமூடி கரண்ட் அறை அலமாரியில் சும்மா இருந்தது. ஜெபமலர் தினமும் அந்த அறைப் பக்கமாகப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவாள், அது அங்கேதான் இருக்கிறதா என்று. பல நாள் கழித்து மறுபடி வைக்கலாம் என்றபோது அவருடைய மெலிந்த முகம் அந்த மூடிக்குள் லொடலொடவென்று ஆடியது. புதிதாக அளவெடுத்து இன்னொன்று செய்தார்கள். மிச்சத்தை முடித்தார்கள். இந்தத் தடவை எந்த மருந்தும் வீட்டுக்குள் வரவில்லை. கிருபா வரவே இல்லை. ஏசுவடியான் மூக்குக் குழாயோடு கட்டிலில் கிடந்து வாசலைப் பார்ப்பார். வந்தவர் யாரும் இல்லையா என்று ஜெபமலரைப் பார்ப்பார். அவள் என்ன சொல்லுவாள்? "மழை பெய்யுதுல்லா, யாரு வருவா" என்பாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். "வளந்திருக்கும்மா" என்றாள். "கீழயும் இறங்கியிருக்கு."

"நடுவுல விட்டதுனாலயா டாக்டர்?"

டாக்டர் படத்தை உறைக்குள் வைத்தாள். "விட்டதாலதான்னு என்னால சொல்ல முடியாது. விடாம இருந்திருந்தா கண்டிப்பா போயிருக்கும்னும் சொல்ல முடியாது."

இரண்டில் ஒன்றைச் சொல்லியிருந்தால் ஜெபமலர் அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள். பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்காரவைத்து, ஆலங்குளம் வரை அந்த இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டே வந்தாள். ஆலங்குளத்தில் பஸ் நின்றபோது கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. வெளியே சாரல் காலம், குற்றாலத்தில் நல்ல தண்ணீர். துண்டு நல்லா ஓடுது அண்ணாச்சி என்று பரீது வந்து வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போவார். உள்ளே வரமாட்டார். முத்துவடிவு மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜெபமலரைப் பார்த்ததும் துணி காயப்போடுகிற மாதிரித் திரும்பிக்கொள்வாள். மேலே தகரத்தில் மழை பொடிப்பொடியாக விழுந்துகொண்டே இருந்தது.

ஒருநாள் அவர் போனை எடுத்து எழுதிக் காட்டினார். "கிருபா குடுப்பாளே. அது வேணும்." வாயைத் தொட்டுக் காட்டினார். உதடு வெடித்து, நாக்கு பலகையாகக் கிடந்தது. அது ஒன்றுதான் அவருக்கு வலியை அடக்கியது. அவர் உடம்புக்கு அது மட்டும் நினைவிருந்தது.

ஜெபமலர் டாக்டருக்குப் போன் பண்ணினாள். "வாய நனைக்கிற அளவுக்குக் குடுங்கம்மா" என்றாள் டாக்டர். "இனிமே..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டாள். முடித்திருக்க வேண்டியதில்லை.

பரீது கடைக்குப் போய் வேர் கேட்டாள். "என் கையால அத எடுக்கமாட்டேன் அக்கா" என்று அவர் வெளியே வந்து மழையில் நின்றுகொண்டார். அவளே உள்ளே போய் ஜாடியிலிருந்து எடுத்தாள். வீட்டில் கொதிக்கவைத்து வடிகட்டி ஆறவைத்தாள். கிருபாவுக்குப் போன் போட்டு, "அண்ணன் உன்னையத்தான் தேடுதாவ. நீதான் குடுக்கணும், வா" என்றாள்.

கிருபா வந்தாள். கைப்பை இல்லை, ஒன்றும் இல்லை, வெறுங்கையாக வந்தாள். அண்ணனைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏசுவடியான் தலையை ஆட்டினார், வா, உட்கார் என்று. முக்காலியில் இரண்டு தம்ளர். வாய் துடைப்பதற்கு வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் ஒன்றில், மற்றதில் பழுப்பாக வேர்த் தண்ணீர். பக்கத்தில் பஞ்சு.

கிருபா பஞ்சை எடுத்துக்கொண்டு மதினியைப் பார்த்தாள். பழைய பழக்கம். எழுந்து போவாள் என்று காத்திருந்தாள்.

"நான் எங்கயும் போகல. பேரச் சொல்லிக் குடு."

கிருபாவால் முடியவில்லை. உதடு மட்டும் ஆடியது. கடைசியில் ஜெபமலரே அவர் காதருகில் குனிந்தாள். "ஜெஸியப்பா, இது அதிமதுரம். வேற ஒண்ணும் இல்ல. முந்தியும் உங்களுக்கு எல்லாரும் குடுத்தது இதுதான்."

அவர் தலையை ஆட்டினார். முன்பே தெரிந்தவர் போலவும் ஆட்டினார், இப்போதுதான் தெரிந்தவர் போலவும் ஆட்டினார். எது என்று ஜெபமலரால் பிரித்துச் சொல்லமுடியவில்லை.

கிருபாவின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. பஞ்சைத் தம்ளரில் தோய்த்தாள். வெறும் தண்ணீர்த் தம்ளரில் தோய்த்தாள். ஜெபமலர் பார்த்துவிட்டாள். சொல்ல வாயெடுப்பதற்குள் பஞ்சு அவர் உதட்டில் பட்டுவிட்டது. ஒரு சொட்டு உள்ளே போயிற்று. மிச்சம் கடைவாய் வழியாகக் கழுத்துக்கு ஒழுகியது.

ஏசுவடியான் கண்ணை மூடினார். திறந்து தங்கச்சியைப் பார்த்தார். சிரமப்பட்டுக் கையைத் தூக்கி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, அருமை என்று காட்டினார். துண்டுக்கடையில் நின்று சிரிக்கிற சிரிப்பு முகத்தில் வந்துபோயிற்று.

"இனிச்சிருக்கு மதினி" என்றாள் கிருபா. பல வாரம் கழித்து அவள் முகம் இப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது. "அண்ணனுக்கு இனிப்பு தெரியுது மதினி. பேரச் சொல்லியும் பலிச்சிருக்கு பாருங்க."

ஜெபமலர் அவர் கழுத்தில் ஒழுகினதைத் துடைத்தாள்.

"ஆமா. தெரியும்போலத்தான் இருக்கு" என்றாள்.

கிருபா அதே தம்ளரில் மறுபடியும் பஞ்சை நனைத்தாள். ஜெபமலர் வேர்த் தண்ணீர்த் தம்ளரை எடுத்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சொல்லி, அடுப்படிக்கு எழுந்து போனாள்.